மாடிப்படி விளக்கும் நாற்காலித் துணியும்

எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருவர் ஒரு நாற்காலிப் படம் போட்டார். நாற்காலி தெரியவில்லை, அதன்மேல் மலையாகக் குவிந்த துணிதான் தெரிந்தது. கீழே ஒரே வரி: "இது குப்பை இல்லை, எல்1 கேஷ்." பழைய ஜோக். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், ஆனாலும் சிரித்தேன். அடுத்த நிமிடமே இன்னொருவர் ஒற்றைச் சாக்ஸைப் படம் பிடித்து "404, ஜோடி காணவில்லை" என்று போட்டார். அதற்கு ஒரு லைக் போடக்கூடக் கை வரவில்லை. இரண்டும் வீட்டுப் பொருளுக்குக் கணினிச் சொல்லை ஒட்டும் ஒரே மாதிரி ஜோக்தானே, ஏன் இந்த ஓரவஞ்சனை என்று யோசித்ததில் வந்தது இந்தப் பதிவு.

சாக்ஸ் ஜோக்கில் பெயர் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. தேடிய வலைப்பக்கம் இல்லை என்றால் வரும் எண் 404, காணவில்லை என்பதற்குப் பதில் அது. அவ்வளவுதான், அதற்கு மேல் தோண்டினால் ஒன்றும் இல்லை. "மூளையில் ரேம் ஃபுல்", "வாழ்க்கைக்கு ஒரு கன்ட்ரோல் இசட் இருந்தால்" எல்லாம் இந்த ஸ்டிக்கர் வகைதான்.

நாற்காலி அப்படி இல்லை. தோண்டத் தோண்ட வருகிறது. ப்ராசஸரின் மடியிலேயே உட்கார்ந்திருக்கும் குட்டி நினைவகம்தான் எல்1 கேஷ். ஒரு கோருக்கு (ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) 32 அல்லது 48 கேபி என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் நாலைந்து சைக்கிளில், அதாவது ப்ராசஸர் கடிகாரத்தின் நாலைந்து துடிப்பில், கையில் கிடைத்துவிடும். மெயின் மெமரி வரை போய் எடுத்துவர நூற்றுக்கணக்கான சைக்கிள் ஆகும். நாற்காலியும் அப்படித்தான். இடம் கொஞ்சம், எட்டினால் சட்டை. பீரோ என்றால் எழுந்து போக வேண்டும், திறக்க வேண்டும், அடுக்கைக் கலைக்க வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த படி. கேஷில் தரவு 'வரி' என்ற சின்னத் துண்டுகளாக இருக்கும், ஒவ்வொரு வரிக்கும் 'டர்ட்டி பிட்' என்று ஒரு குறி உண்டு. அது 1 என்றால், இந்த வரியில் மாற்றம் நடந்துவிட்டது, மெயின் மெமரியில் இன்னும் எழுதவில்லை என்று அர்த்தம். அந்த வரியை வெளியேற்றும் முன் மாற்றத்தை எழுதியே ஆக வேண்டும், சும்மா தூக்கிப் போட முடியாது. இப்போது நாற்காலியைப் பாருங்கள். ஒரு தடவை போட்ட சட்டை, துவைக்கப் போடும் அளவுக்கு அழுக்கு இல்லை, பீரோவில் வைக்கும் அளவுக்குச் சுத்தமும் இல்லை. டர்ட்டி பிட் 1. துவைக்காமல் பீரோவுக்குப் போக முடியாது. ஜோக்கை முதலில் சொன்ன புண்ணியவான் இதையெல்லாம் யோசித்தாரோ என்னவோ, உவமை அவரைத் தாண்டியும் நிற்கிறது.

லிஃப்ட் பட்டனும் இந்த வகைதான். அவசரத்தில் ஏழெட்டுத் தடவை குத்துகிறோம். முதல் குத்துக்குப் பிறகு எதற்கும் பலன் இல்லை. ஒரு தடவை செய்தாலும் நூறு தடவை செய்தாலும் விளைவு ஒன்றே என்றால் அதற்கு ஐடெம்போட்டன்ட் என்று பெயர். 1870இல் பெஞ்சமின் பியர்ஸ் என்ற கணிதவியலாளர் உண்டாக்கிய சொல். லிஃப்ட் வாசலில் நின்று இதைச் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் பணம் அனுப்பும் பட்டனை எழுதுகிறவர் இதை மறந்தால் ஒருவர் கணக்கில் இரண்டு தடவை பணம் போகும்.

இந்த ஜோக்குகளில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு கிளையும் உண்டு. காதலியை 1.0 என்றும் மனைவியை அப்கிரேடு என்றும் சொல்லும் அந்தக் காலத்து ஃபார்வர்டு, மூத்த சக ஊழியரை 'லெகசி' என்று கூப்பிடுவது. பொருளைக் கிண்டல் செய்தால் பொருளுக்கு வலிக்காது.

சரி, பொருளுக்கு வருவோம். ஒரு பொருள் ஜோக் இணையத்தின் தர ஆவணங்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்த கதை தெரிந்திருக்கும். 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மாசின்டர் எழுதி வெளிவந்த ஆர்எஃப்சி 2324, காபி பாத்திரங்களைக் கட்டுப்படுத்த ஒரு நெறிமுறை. டீ கெட்டிலிடம் காபி கேட்டால் அது 404 போலவே 418 என்று ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்ல வேண்டும்: "நான் ஒரு டீ கெட்டில்." முட்டாள்கள் தின விளையாட்டு. ஆனால் எத்தனையோ பேர் அதை நிஜமாகவே நிரலில் எழுதிவைத்தார்கள். 2017இல் எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் 2022இல் வந்த எச்டிடிபி (வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) தர ஆவணத்தில், 418 ஏற்கெனவே ஜோக்காகப் புழங்கிவிட்டதால் இப்போதைக்கு வேறு வேலைக்குக் கொடுக்க முடியாது என்று எழுதி ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

இப்படித் தப்பென்று தெரிந்தே ஏற்றுக்கொள்வதற்குத் தமிழில் ஒரு சொல் தயாராக இருக்கிறது, அதுதான் எனக்கு உண்மையிலேயே கிறுக்குப் பிடிக்கவைத்த விஷயம். நிரலில் வரும் பிழையான பக் என்பதற்குத் தமிழ்க் கணிமைக்காரர்கள் வைத்த பெயர் வழு. ஆங்கிலத்தில் அது பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலேயில் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சிக்கிய விட்டில் பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்த கதை பிரபலம், ஆனால் எடிசன் 1878லேயே கடிதத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். நம் வழுவோ இலக்கணத்திலிருந்து வந்தது. அதற்குப் பக்கத்திலேயே வழுவமைதி என்று ஒன்று இருக்கிறது. இலக்கணப்படி பிழைதான், ஆனால் ஒரு காரணத்தோடு வருவதால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. ஆசையாக வளர்க்கும் பசுவை "என் அம்மை வந்தாள்" என்றால் திணை தப்பு, ஆனால் உவப்பில் சொன்னதால் போகட்டும் என்று நன்னூல் விட்டுவிடுகிறது. "இது பக் இல்லை, ஃபீச்சர்" என்று டெஸ்டரிடம் மல்லுக்கட்டுகிறோமே, அந்த வாதத்துக்குப் பவணந்தி முனிவர் எப்போதோ விதி எழுதிவிட்டார். எங்கள் வீட்டு ரிமோட்டின் பின்மூடி உடைந்து இரண்டு வருடமாக ரப்பர் பேண்டில் நிற்கிறது. வழுவமைதி.

என் பார்வையில் இந்த வகையின் ராஜா மாடிப்படி விளக்குதான். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், ஒரே பல்பு. இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே கம்பியைத் தொட்டால் எரியும், ஆளுக்கொரு கம்பியைத் தொட்டால் அணையும். இது எக்ஸார் கேட் (இரண்டு உள்ளீடுகளும் வேறுவேறாக இருந்தால் மட்டும் 1 தரும் சுற்று) 'மாதிரி' இல்லை, எக்ஸார் கேட்டேதான். (எந்தப் பக்கத்தை 1 என்று வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் நேர்மாறான எக்ஸ்நார் என்று சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.) சுவிட்சுகளையும் ரிலேக்களையும் 0, 1 இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் பூலியன் இயற்கணிதத்தில் எழுதிவிடலாம் என்று 1937இல் எம்ஐடி முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார் கிளாட் ஷானன். அப்போது அவருக்கு 21 வயது. அந்த வகையில் பார்த்தால் கணினிதான் சுவிட்ச் போர்டின் வாரிசு. நாம் என்னவோ தலைகீழாக, கணினியிலிருந்து வீட்டுக்குச் சொல் கொண்டுவருவதாக நினைத்துக்கொள்கிறோம்.

ஒருநாள் இரவு அக்கா மேலே நின்றாள், நான் கீழே. படி இருட்டு. நான் சுவிட்சைத் தட்டினேன். கண் சிமிட்டும் நேரம் வெளிச்சம் வந்து போனது. மறுபடி தட்டினேன், மறுபடி அதே.

"டேய், பல்பு போயிடுச்சுடா" என்றாள் அக்கா.

"நீ சுவிட்சைத் தட்டினியா?"

"ஆமா, ரெண்டு தடவை."

"கொஞ்சம் கையை எடு."

நான் மட்டும் தட்டினேன். பளிச்சென்று எரிந்தது. ஆளுக்கு ஒரு தட்டு, இரண்டும் சேர்ந்து பூஜ்யம். இருவரும் ஒரே நேரத்தில் உதவப் போய் இருவரும் இருட்டில் நின்றிருக்கிறோம். "இதுக்குப் பேர் லைவ்லாக்" என்று ஆரம்பித்தேன். "பேரெல்லாம் நீயே வச்சுக்கோ" என்று அடக்கிவிட்டாள். அப்புறம் ஒரு தாளில் அந்த இரண்டு கம்பிகளை வரைந்து காட்டினேன். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். குழுவில் நான் பார்த்த எந்தச் சிரிப்புப் பொம்மையும் அதற்கு ஈடாகாது.

"நடுப்படியிலயும் ஒரு சுவிட்ச் வைக்கலாமா?" என்று கேட்டாள்.

வைக்கலாம், இரண்டு கம்பிகளையும் குறுக்கே மாற்றிப் போடும் சுவிட்ச் ஒன்று நடுவில் வேண்டும் என்றேன்.

"அப்ப மூணு பேர் ஒரே நேரத்துல தட்டினா?"

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மூன்று ஒற்றைப்படை. எரியும்.