பச்சை குத்தினால் விண்வெளி வீரர் ஆக முடியாதா?

"உடம்பில் ஒரு டாட்டூ இருந்தாலே நாசா விண்ணப்பத்தைத் தூக்கிப் போட்டுவிடும், விண்வெளியில் அழுத்தம் குறைந்ததும் மை கொப்பளித்து வெடிக்கும்" என்று ஒரு ஃபார்வேர்டு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2024-இல் நாசா கேட்ட தகுதிகள் இவை: அமெரிக்கக் குடியுரிமை, அறிவியல், பொறியியல் போன்ற துறையில் முதுநிலைப் பட்டம் அல்லது அதற்கு இணையான தகுதி, 3 ஆண்டுப் பணி அனுபவம் அல்லது தலைமை விமானியாக 1,000 மணி நேரம் (அதில் குறைந்தது 850 மணி நேரம் அதிவேக ஜெட் விமானத்தில்), நீண்டகாலப் பயணத்துக்கான உடல் தகுதி. பச்சை பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நாசாவின் தேர்வுப் பக்கத்தில் யாரும் பார்க்கலாம்.

மை ஏன் வெடிக்காது? அது தோலுக்கடியில் திரவமாகத் தேங்கி நிற்பதில்லை. நுண்ணிய திடத் துகள்களாக, தோலின் இரண்டாம் அடுக்கில் உள்ள செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. விரிவதற்கு அங்கே காற்றே கிடையாது. போதாக்குறைக்கு, விண்வெளி நிலையத்துக்குள் இருப்பது தரைமட்டக் காற்றழுத்தம்தான். வெளியே போடும் உடைக்குள்ளும் அதில் ஏறத்தாழ 0.3 பங்கு உண்டு.

குழப்பம் ராணுவத்திலிருந்து வந்திருக்கலாம். விண்வெளி வீரர்களில் பலர் படை விமானிகள். முகம், கழுத்து, கைகளில் குத்திக்கொள்வதற்குப் படைகளில் தனி விதிகள் உண்டு, அவையும் அவ்வப்போது மாறும். அந்த வழியாகப் போக நினைப்பவர் ஊசி படுவதற்கு முன்பே அந்தப் படையின் நடப்பு விதியைப் படித்துவிடுவது நல்லது. மருத்துவப் பரிசோதனை நெருங்கும்போது புதிதாகக் குத்த வேண்டாம். ஆறாத புண்ணில் கிருமி தொற்றலாம்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.