நிற்கிற படகுகளுக்கு ஒரு பாட்டு

பாம்பன் தென்கடல் பக்கம் படகுகள் மறுபடியும் வரிசையாக நிற்கின்றன. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன மீனவர்களை விடச் சொல்லி வேலைநிறுத்தம். நேற்றுச் சாயங்காலம் கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். மீன் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு படகின் மேல்தட்டில் நாலு பையன்கள் செல்போனில் சினிமாப் பாட்டு போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தக் கரையில் எத்தனை வேலைநிறுத்தம் நடந்திருக்கிறது! பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்திருக்கிறோம், ரயிலை மறித்திருக்கிறோம், கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஆள் உயரம் வரும். அதில் ஒன்றைப் பற்றியாவது நம்மிடம் ஒரு பாட்டு இருக்கிறதா? யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. சில மாதங்களாகவே இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எல்லாம் சித்தப்பாவின் சாவில் தொடங்கியது. வயசுப் பையனாக இருக்கும்போதே நெய்வேலிக்குப் போனவர். முப்பது வருசத்துக்கு மேல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார், போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். கேத வீட்டில் அத்தைதான் ஒப்பாரி எடுத்தாள். கடல், பாய்மரம், கொண்டல் காற்று, கரையேறாத ராசா என்று எங்கள் பக்கத்து வழக்கமான வரிகள். பாதியில் சட்டென்று நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சித்தியைப் பார்த்துக் கேட்டாள்: “ஏத்தா, இவன் கடலுக்கே போகலையே. அங்கன என்ன வேலதான் பாத்தான்?”

சித்தி சொன்னாள்: “பெல்ட்டு ஓடும் மதினி. கரி வர்ற பெல்ட்டு. அது நிக்காமப் பாத்துக்கிறணும். ராத்திரி ஷிப்டுன்னா காதுல பஞ்சு வச்சுக்கிருவாக.”

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மறுபடி எடுத்தாள்:

“நிக்காத பெல்ட்டுக்கு நீ முழிச்ச ராவெத்தன,
நின்னுபோன மூச்சுக்கு நான் முழிக்கும் ராவெத்தன…”

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் நெய்வேலியைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வரிக்கு எழுந்த அழுகை வேறு மாதிரி இருந்தது. அதுவரை ஒரு பொதுவான சாவுக்கு அழுதவர்கள் அப்போதுதான் சித்தப்பாவுக்காக அழுதார்கள்.

அதற்குப் பிறகு ராத்திரிகளில் சுரங்கத் தொழிலாளர் பாட்டுகளாகத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் போய் நின்ற இடம் அமெரிக்காவின் கென்டக்கியில் இருக்கிற ஹார்லன் கவுன்டி. 1931-இல் அங்கே நிலக்கரித் தொழிலாளர்களுக்கும் கம்பெனிகளுக்கும் பெரிய மோதல். சங்க வேலை செய்துகொண்டிருந்த சாம் ரீஸைத் தேடி, அந்த வட்டாரப் போலீஸ் அதிகாரியான ஷெரீப்பின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டார்கள். சாம் வீட்டில் இல்லை. மனைவி ஃபுளோரன்ஸும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். ஷெரீப்பின் ஆட்கள் போன பிறகு அந்த அம்மா சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தெரிந்த பழைய மெட்டு ஒன்றில் ஒரு பாட்டு எழுதினார். நீ யார் பக்கம் நிற்கிறாய் என்று கேட்கிற பாட்டு. முப்பது வருசம் கழித்துக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் அதே பாட்டை வேறு வரிகளோடு பாடினார்கள். கேத வீட்டில் அத்தை செய்ததும் இதுதான். மெட்டு பழசு, வரி அன்றைக்குப் பிறந்தது.

வார்த்தையே இல்லாத ஒன்றும் இருக்கிறது. வேல்ஸில் ரெக்ஸம் பக்கத்தில் கிரஸ்போர்டு சுரங்கம். 1934 செப்டம்பர் 22, சனிக்கிழமை விடிவதற்கு முன் வெடித்தது. அன்றைக்கு மத்தியானம் உள்ளூர் கால்பந்து ஆட்டம் இருந்தது, அதைப் பார்ப்பதற்காகப் பலர் ஷிப்டை மாற்றி ராத்திரி இறங்கியிருந்தார்கள். 266 பேர் இறந்தார்கள். மேலே கொண்டுவர முடிந்த உடல்கள் 11தான். மற்றவர்களை உள்ளேயே விட்டுச் சுரங்க வாயை அடைத்துவிட்டார்கள். ராபர்ட் செயின்ட் என்கிற சுரங்கத் தொழிலாளி அவர்களுக்காக ஓர் இசையை அமைத்தார். பித்தளை வாத்தியக் குழுக்கள் வாசிக்கிற மெதுவான இசை. ஒவ்வொரு ஜூலையிலும் டர்ஹம் நகரில் சுரங்கத் தொழிலாளர் திருவிழா நடக்கும்போது அதை வாசிக்கிறார்கள், கூட்டம் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கிறது. உடல் கிடைக்காத சாவு என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலோடு போனவர்கள் எத்தனை பேர் திரும்ப வரவேயில்லை. அந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் அரிச்சல்முனை மணல்தான் கண்ணுக்குள் வருகிறது.

தோற்றுப்போன வேலைநிறுத்தத்துக்குப் பாட்டு எதற்கு என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். 1984 மார்ச்சில் பிரிட்டனில் 20 சுரங்கங்களை மூடி 20,000 வேலைகளைக் குறைக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். தொழிலாளர்கள் வெளியேறினார்கள், ஒரு வருசம் நின்றார்கள். பெண்கள் பொதுச் சமையல்கூடம் நடத்தினார்கள், மேடை ஏறினார்கள், ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார்கள். 1985 மார்ச்சில் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தோல்விதான். ஆனால் எப்படித் திரும்பினார்கள் தெரியுமா? பல ஊர்களில் சங்கக் கொடியை முன்னால் பிடித்து, வாத்தியம் வாசித்துக்கொண்டு, பெண்களும் கூட நடந்து வர, சுரங்க வாசல் வரை ஊர்வலமாகப் போனார்கள். 2015 டிசம்பரில் அந்த நாட்டின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டுவிட்டது. வேலை போன அந்த ஊர்களில் கொடியும் வாத்தியமும் பாட்டும் இருக்கின்றன, பேரப்பிள்ளைகளுக்கு எந்தத் தாத்தா எங்கே நின்றார் என்று தெரிகிறது. எங்கள் தெருவில் ஒரு பையனைக் கூப்பிட்டு, உன் தாத்தா எந்தப் போராட்டத்தில் எத்தனை நாள் படகைக் கட்டிப்போட்டார் என்று கேட்டால் முழிப்பான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாம் சொல்லவேயில்லை.

தமிழனுக்கும் சுரங்கத்துக்கும் என்ன என்று யாராவது நினைக்கலாம். கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். 1930-இல் கைரேகை பதிவு செய்யச் சொன்னதற்கு எதிராக ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். 2001 பிப்ரவரியில் அந்தச் சுரங்கமே மூடப்பட்டது. நெய்வேலியில் 2013 ஜூலையில் 5 சதவீதப் பங்கைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது, கடைசியில் 3.56 சதவீதப் பங்குகளைத் தமிழ்நாடு அரசு நிறுவனங்கள் வாங்கின. சித்தப்பா அந்த நாட்களைப் பற்றிப் பேசினால் குரலே மாறிவிடும். அதே நெய்வேலிக்கு நிலம் கொடுத்தவர்களின் துக்கமும் இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த வயலில் எந்திரம் இறங்கியதை நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். சுரங்கத்துப் பாட்டு என்றால் அந்த வயலும் அதில் வர வேண்டும்.

கரியை ஏன் தூக்கிப் பிடிக்கிறாய் என்று சிலர் கேட்பார்கள். தூக்கிப் பிடிக்கவில்லை. உப்பூரில் அனல்மின் நிலையம் வரும் என்றபோது, கடலுக்குள் பாலம் போடுவதை எதிர்த்து மோர்ப்பண்ணை மீனவர்கள் நின்றார்கள். அவர்கள் நின்றது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுத்துப்போவதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் கரி வேறு, கரி அள்ளினவன் வேறு. சித்தப்பா எரித்தது கரியை இல்லை, தன் தூக்கத்தை.

அந்தப் பாட்டுகளில் என்னை மிகவும் பிடித்து உலுக்கியது கணக்குதான். வீரத்தைப் புகழ்கிற வரிகளைவிட, எத்தனை டன் அள்ளினான், கூலி எவ்வளவு, கம்பெனிக் கடையில் எவ்வளவு கடன் என்று சொல்கிற வரிகள். அமெரிக்கச் சுரங்க ஊர்களில் கூலியைக் கம்பெனி டோக்கனாகக் கொடுப்பார்கள், அது கம்பெனிக் கடையில்தான் செல்லும், அங்கே விலையும் கம்பெனி வைப்பதுதான். நம் கரையில் அட்வான்ஸ் வாங்கினவன் பாடு இதுதானே? வலைக்கும் எஞ்சினுக்கும் யார் பணம் கொடுத்தாரோ அவருக்குத்தான் மீன் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. மீனவனைப் பற்றி நான் கேட்ட சினிமாப் பாட்டுகளில் கடல் தாய் இருக்கிறாள், அலை இருக்கிறது, காதல் இருக்கிறது. அட்வான்ஸ் நோட்டு எதிலும் இல்லை.

நம்மிடம் இல்லாத பழக்கமும் இல்லை இது. கரைவலை இழுத்த காலத்தில் அம்பா பாடினார்கள். ஒருவர் முன்வரி எடுப்பார், கயிறு பிடித்தவர்கள் ஏலேலோ போட்டு இழுப்பார்கள். என் அப்பத்தா சொல்லும், வியாபாரி தூரத்தில் நிற்கிறவரை தாத்தா இப்படி எடுப்பாராம்:

“வெல போட்ட மொதலாளி மாடி வீட்டுல,
வல இழுத்த மாமனெல்லாம் ஓல வீட்டுல…”

வியாபாரி பக்கத்தில் வந்ததும் வரி வாடைக்காற்றுக்கு மாறிவிடுமாம். எஞ்சின் வந்தது, வலையை இழுக்கிற வின்ச் எந்திரம் வந்தது, சத்தத்தில் அம்பா அடங்கிப்போனது. வின்ச்சைக் குறை சொல்லவில்லை, என் அப்பாவின் முதுகைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் படகு நிற்கிற நாட்களில் எஞ்சின் சத்தமும் இல்லையே. கரை முழுக்க ஆள் இருக்கிறோம், பொழுதும் இருக்கிறது.

நேற்று ராத்திரி அத்தை வீட்டுக்குப் போனேன். கடல்பாசி எடுத்துத் திரும்பியிருந்தாள். விரலில் சுற்றின துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள், ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்களில் பாறை கீறின கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக. படகுகள் நிற்பதைப் பற்றி ஒரு பாட்டு கட்டித் தருவாயா அத்தை என்று கேட்டேன். இது என்ன சாவா, ஒப்பாரி வைக்க என்று முதலில் கோபப்பட்டாள். நான் ஹார்லன் அம்மாவின் காலண்டர் கதையைச் சொன்னேன். பிள்ளைகளை என்ன செய்தார்கள், புருசன் திரும்பி வந்தானா என்றெல்லாம் கேட்டாள். அப்புறம் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“சும்மா படகு நிக்குது, படகு நிக்குதுன்னு பாட முடியாதுய்யா. உள்ள இருக்கவுக பேரச் சொல்லு. எந்தத் தெரு, வீட்டுல எத்தன பிள்ளக, கடன் எவ்வளவுன்னு கேட்டுட்டு வா.”

எனக்கு ஆறு பேர்தான் தெரிந்திருந்தது. அத்தை அந்த விரல்களில் எண்ணி, திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். இன்று காலையிலிருந்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன், இன்னும் முடியவில்லை. தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் இருக்கிறவர்கள், வீட்டுக்காரர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். பெயரைப் பொதுவில் போட மாட்டேன், அத்தையிடம் மட்டும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தென்கடல் கரையில் அவள் முன்வரி எடுக்கச் சம்மதித்திருக்கிறாள். ஏலேலோ போட ஆள் வேண்டும்.