கொடிமலையில் சம்பந்திகள்

(மலேசியாவின் பினாங்குத் தீவில், கொடிமலைக்கு ஏறும் ரயில். ராமையா உள்ளூர்க்காரர். சம்பந்தி பெருமாள் ஈப்போவிலிருந்து விருந்துக்கு வந்திருக்கிறார். எதைக் காட்டினாலும் வியக்கக் கூடாது என்ற முடிவோடுதான் வந்திருக்கிறார்.)

ராமையா: பயமாக இருக்கிறதா சம்பந்தி?

பெருமாள்: பயமா? எனக்கா? கேமரன் மலை வளைவுகளை ஒற்றைக் கையில் ஓட்டியவன் நான்.

ராமையா: அப்படியானால் என் தொடையைக் கொஞ்சம் விடுங்க. நகம் பதிகிறது.

பெருமாள்: நீங்கள் சரிந்து விழுந்துவிடக் கூடாதே என்று பிடித்தேன்.

ராமையா: 1923-லேயே ஓட ஆரம்பித்த ரயில் இது. அப்போது மரப் பெட்டி. பாதி மலையில் இறங்கி வேறு வண்டி மாறணும். மேலே போய்ச் சேர அரை மணி நேரம். 2011-ல் புது வண்டி விட்டார்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது.

பெருமாள்: முன்பு அரை மணி நேரம் உட்கார வைத்தான். இப்போது ஏறினதும் இறக்கிவிட்டுக் காசும் கூடுதலாக வாங்குகிறான். இதில் உங்களுக்குப் பெருமை வேறு!

(உச்சி. கம்பி வேலி ஓரம்.)

ராமையா: இந்த மலையின் மிக உயர்ந்த சிகரம் 833 மீட்டர். அதோ ஜார்ஜ் டவுன். உயரமாக நிற்கிறதே ஒரு மாடிக் கட்டடம், அதுதான் கொம்தார்.

பெருமாள்: எங்கள் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலை நிற்கிறது. லிஃப்ட் ரிப்பேர், மெயின்டனன்ஸ் என்று ஒரு தொல்லையும் கிடையாது.

ராமையா: கடல் மேலே தெரிகிறதே, அந்தப் பினாங்குப் பாலம் 1985-ல் திறந்தது. பதின்மூன்றரை கிலோமீட்டர். தெற்கே இன்னொன்று, 2014-ல் திறந்தார்கள். அது 24 கிலோமீட்டர்.

பெருமாள்: எங்கள் ஊர்க் கிந்தா ஆற்றை நாங்கள் அரை நிமிஷத்தில் தாண்டிவிடுகிறோம்.

ராமையா: சரி, கடலையாவது பாருங்களேன். கப்பல், ஃபெர்ரி...

பெருமாள்: உப்புக் காற்று. காரெல்லாம் துருப்பிடிக்கும்.

ராமையா: குளிர்கிறதா? துண்டைத் தலையில் சுற்றிவிட்டீர்களே.

பெருமாள்: வெயிலுக்கு.

ராமையா: வெயிலா? மேகம் நம் காலுக்குக் கீழே போகிறது! சரி விடுங்க. ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, காட்டியிருந்தால் அறுபது தாண்டியவர்களுக்கு டிக்கெட் மலிவு. நீங்கள்தான் முழு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டீர்கள்.

பெருமாள்: அறுபதா! பெண் பார்க்க வந்தபோதே சொன்னேனே, ஐம்பத்தாறு என்று.

ராமையா: சொன்னீர்கள். அது நடந்து நாலு வருஷம் ஆகிறது.

பெருமாள்: அதோ முருகன் கோயில்! வாங்க, முதலில் சாமி கும்பிடுவோம்.

(கோயிலிலிருந்து திரும்பும்போது தூறல்.)

ராமையா: கீழே போனதும் நாசி கண்டார் சோறு சாப்பிடலாம்.

பெருமாள்: ஈப்போவிலும் கிடைக்கிறது.

ராமையா: கடைப் பலகையில் என்ன போட்டிருக்கும்?

பெருமாள்: (சற்று யோசித்து) 'பினாங்கு நாசி கண்டார்.' ஆனால் பினாங்கு என்பது சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

ராமையா: சம்பந்தி, நெற்றியில் ஏதோ கறுப்பாக வழிகிறது.

பெருமாள்: உங்கள் ஊர் மழை. துறைமுகத்துக் கப்பல் புகையெல்லாம் இதில்தானே கலக்கிறது!

ராமையா: மழை என் மேலும்தான் பெய்கிறது. எனக்கு வெள்ளையாக அல்லவா வழிகிறது?

(தூறல் மழையாகிறது. கீழே போகும் ரயிலுக்கு நீண்ட வரிசை. கூட்டத்தைப் பார்த்த ஊழியர், "வயதானவர்கள் முன்னால் வரலாம்" என்று குரல் கொடுக்கிறார். பெருமாள் சட்டைப் பையிலிருந்து ஐசியை உருவி, உயர்த்திப் பிடித்தபடி ஓடுகிறார்.)

ராமையா: சம்பந்தி! எங்கே போகிறீர்கள்? உங்களுக்கு இன்னும் வயதாகவில்லையே!

பெருமாள்: யார் சொன்னது? ஐசி நம்பரைப் பாருங்க, எதில் ஆரம்பிக்கிறது?

ராமையா: ஐம்பத்தாறு... அது பிறந்த வருஷம் ஐயா!

பெருமாள்: நானும் அதைத்தான் சொன்னேன். வயது என்று நீங்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா? சீக்கிரம் வாங்க, உங்களையும் துணைக்கு என்று சொல்லி ஏற்றிவிடுகிறேன்.