குடியை விட நினைக்கிறவர் வன்னியில் எங்கே போவது?

வன்னியில் ஒருவர் குடியை விடப்போகிறார் என்றால் நாங்கள் காட்டுகிற வழி ஒன்றுதான்: சத்தியம். வற்றாப்பளை அம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம், மடு மாதாவிடம் நேர்த்தி, இல்லாவிட்டால் பிள்ளையின் தலையில் கை. இதை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஊர்க் கோயிலில் கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை ஒரு சொட்டும் தொடாமல் இருப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தீர்த்தம் முடிந்த அன்று பின்னேரமே தவறணை வாசலில் நிற்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். தனியே சத்தியம் செய்து, தனியே கட்டிக் காத்து, முறிந்தால் அந்த வெட்கத்தையும் தனியே சுமக்கிறார்கள். இடையில் ஒருநாள் "இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்க ஆளில்லை.

அண்மையில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணை, குடியை விட்ட ஆக்கள் கூடிக் கதைக்கிற இடம் ஏதும் எங்கட பக்கம் இருக்கோ?" விசாரித்தேன். சிலர் வைத்தியசாலை என்றார்கள், சிலர் "அடிச்சுத் திருத்துற இடமோ?" என்று சிரித்தார்கள், ஒருவர் கொழும்பைக் கை காட்டினார். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். கிழமைக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் இருந்து கதைக்க யார் அவ்வளவு தூரம் போவார்?

இந்தக் கூட்டங்களுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத விடயம். குடியை விட நினைக்கிறவர்கள் கூடிக் கதைக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் தொடங்கியது இரண்டே பேரோடு. வியாபார அலுவலாக வந்த பில் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான். அலுவல் சரிவரவில்லை, தங்கியிருந்த விடுதியில் மதுச்சாலை. குடித்துவிடுவேனோ என்ற பயத்தில், தன்னைப்போல் ஒரு குடிகாரரைத் தேடிப் போன் எடுத்தார். கிடைத்தவர் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர், பொப். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அதே வருடம் யூன் 10ஆம் திகதி பொப் கடைசியாகக் குடித்த நாளையே அந்த அமைப்பு தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

இன்றைக்கும் முறை அதுதான். குடியை விட விருப்பம் இருந்தால் போதும், சந்தா கிடையாது. முழுப்பெயர் கேட்கமாட்டார்கள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே விழமாட்டார். முதல்நாள் வாயே திறக்காமல் இருந்துவிட்டு வரலாம். குடியிலிருந்து மீள அவர்கள் வைத்திருக்கிற 12 படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் "நாம் விளங்கிக்கொண்டபடி கடவுள்" என்றுதான். அம்மனா மாதாவா என்ற கேள்விக்கே இடமில்லை. வாழ்நாள் முழுக்கத் தொடமாட்டேன் என்ற சத்தியமும் இல்லை, இன்றைக்கு மட்டும்.

சரி, எங்கள் ஊரில் இது நடக்குமா? "யுத்தம் பார்த்த சனம், குடிக்காமல் என்ன செய்யும்?" என்று சிலர் கதையை முடித்துவிடுவார்கள். அது சிலருக்கு உண்மைதான். ஆனால் 2009இல் கைக்குழந்தையாக இருந்தவர்களும் இன்றைக்குக் குடிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பெரிய தடை வேறு. யாருடைய மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தால் அடுத்தநாள் காலையிலேயே "வெறிக்குட்டியள் சங்கம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதனால் அவரவர் ஊரில் வேண்டாம் என்கிறேன். மாங்குளம் நல்ல இடம். ஏ9 வீதியில் முல்லைத்தீவுப் பாதையும் மல்லாவிப் பாதையும் வந்து சேருகிற சந்தி, புகையிரதமும் நிற்கிறது. அங்கே ஒருவர் பஸ்ஸால் இறங்கினால் ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கிழமைக்குக் கிழமை கூடுவது எங்கள் சனத்துக்குப் புதிதும் இல்லை. நுண்கடன் கட்டுவதற்காகப் பெண்கள் எத்தனை வருடம் பாய் விரித்து இருந்தார்கள்! அதில் எத்தனை வீட்டுக் கடன் சாராயத்துக்கும் கசிப்புக்கும் போனது என்று அந்தப் பாயில் இருந்தவர்களுக்குத் தெரியும். குடிக்கிறவரின் குடும்பத்துக்கென்றே அல்-அனான் என்று ஒரு அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அதற்குக் குடிக்கிறவர் வரவேண்டும் என்றில்லை, விடவேண்டும் என்றும் இல்லை. என்னைக் கேட்டால் வன்னியில் முதலில் தொடங்கவேண்டியது இதுதான். ஆண்கள் பிறகு வரட்டும்.

ஒரு முக்கியமான விடயம். தினமும் நிறையக் குடிக்கிறவரை "இண்டையோட நிப்பாட்டு" என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, ஆளைத் தெரியாத புலம்பல் எல்லாம் வரலாம், உயிரும் போகலாம். முதலில் வைத்தியசாலை, அங்கே அதற்கு மருந்து இருக்கிறது. கூட்டம் அதற்குப் பிறகு. கதைக்க ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

தமிழ்நாட்டில் இந்தக் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, இணையவழியாகவும் சேரலாம். அவர்களுக்கும் எங்களுக்கும் மணிக்கூடு ஒன்றுதான், இரவு எட்டு மணி என்றால் இங்கேயும் எட்டு. தோட்டத்துக்குள் தனியே இருந்து காதில் மாட்டிக் கேட்கலாம். ஆனாலும் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்து கேட்பதற்கு அது ஈடாகாது.

மாங்குளத்திலோ வவுனியாவிலோ பின்னேரத்தில் ஒரு அறை தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். கதிரைகளும் ஒரு கேத்திலும் இருந்தால் போதும். பனர், பிரதம விருந்தினர், படம் எடுப்பது ஒன்றும் வேண்டாம். கொமெண்டில் தயவுசெய்து யாரையும் ரக் பண்ணாதீர்கள், பகிடிக்கும் வேண்டாம்.