வேலி போட்டது யாருக்கு?

இங்கே நெதர்லாந்தில், பிளேவோலாந்து மாகாணத்தில் நான் போகிற சைக்கிள் பாதையில் நேற்று சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. இன்று காலை 7:40-க்குப் போனால் சைக்கிள் பாதைக்குக் குறுக்கே இடப்பக்கம் ஒரு இரும்பு வேலி, நாலடி தள்ளி வலப்பக்கம் இன்னொன்று. நடுவில் பாம்பு மாதிரி நெளிந்து போக வேண்டுமாம். நான் என்ன பாம்பா? என் வெலோமொபைல், அதாவது உடம்பையே மூடுகிற கூட்டுக்குள் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள், 2.85 மீட்டர் நீளம். முன்சக்கரம் இரண்டும் கூட்டுக்குள் அடங்கியவை, கொஞ்சம் ஒடித்தாலே இடிக்கும். ரிவர்ஸும் கிடையாது, அடியில் இருக்கிற ஓட்டையில் காலை விட்டுத் தரையை உந்தித்தான் பின்னால் வர வேண்டும்.

உந்தினேன். ஒரு சாண் வந்தது. திரும்ப முன்னால், திரும்பப் பின்னால். தூறல் வேறு. சரி என்று மூடியைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன், பெடலில் மாட்டிக்கொள்கிற கிளீட் ஷூ ஈரத்தில் வழுக்கி மறுபடி உள்ளேயே உட்கார்ந்தேன். அப்புறம் ஒருவழியாக இறங்கி, பேட்டரியோடு 40 கிலோ வண்டியின் வாலைத் தூக்கி, அரை அடி நகர்த்தி, முன்பக்கம் போய்த் தள்ளி, மறுபடி வால். கொடிக்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டது.

நாயோடு நின்ற ஒரு பெரியவர் இதை முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "இதில் மோட்டார் இருக்கா?" இருக்கு என்றேன். "அப்புறம் ஏன் தள்றீங்க?"

ஐயா, சட்டப்படி அது 250 வாட் மோட்டார். 25 கிலோமீட்டர் வேகத்தில் தானே நின்றுவிடும். பிளேவோலாந்து கிட்டத்தட்ட முழுக்கக் கடலை வற்றவைத்து எடுத்த தட்டை நிலம். எதிர்காற்று இல்லாவிட்டால் என் காலே வண்டியை 40-க்குக் கொண்டுபோகும். மோட்டார் உதவுவது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும். கிளம்பிய வேகத்தைப் பிடுங்குவதற்கென்றே இந்த வேலி!

அவருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபேட்பைக்கில், அதுதான் தடித்த டயர் போட்ட மின்சார சைக்கிளில், ஒரு பையன் வந்தான். பதினாலு வயது இருக்கும். ஒரு மிதி மிதிக்கவில்லை, கையில் போன். சளக் சளக்கென்று இரண்டு வளைவு, போய்விட்டான். அந்தப் பக்கம் 40-ல் பறக்கிறான்.

நகராட்சிக்குப் போன் போட்டேன். மொபெட்டும் ஃபேட்பைக்கும் வேகமாக வராமல் இருக்கத்தான் வேலி என்றார் போனை எடுத்த அம்மா. ரொம்ப நல்ல வேலை செய்கிறது, நான் ஒருவன் நின்றுவிட்டேன் என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

கார் ரோட்டில் போயேன் என்பீர்கள். போகலாம். இரண்டுக்கு மேல் சக்கரமும் 75 சென்டிமீட்டருக்கு மேல் அகலமும் இருந்தால் சைக்கிளுக்கு இங்கே ரோட்டில் போக உரிமை உண்டு. என் வண்டி 76.5. அந்த ஒன்றரை சென்டிமீட்டர் தயவில் சாயங்காலம் ரோட்டிலேயே வந்தேன். பின்னால் வந்தவர் விடாமல் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, "ஃபீட்ஸ்பாட்!" (சைக்கிள் பாதை!) என்று அந்தப் பாதையைக் கை காட்டினார். வேலி இருக்கிற அதே பாதையை.

வீட்டுக்கு வந்தால் முந்தாநாள் அரைத்த இட்லி மாவு அப்படியே கிடக்கிறது. ஹீட்டர் பக்கத்தில் வைத்தாயிற்று, கம்பளி போர்த்தியாயிற்று, ஒரு குமிழ் கூட இல்லை. இந்த வீட்டில் பொங்கியது நான் மட்டும்தான். ராத்திரிக்கு மறுபடி உப்புமா.