ஷானுவெலை வைத்து எல்லோரையும் அளக்க வேண்டாம்

அமெரிக்க பேஸ்பால் டிராஃப்டில் (அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) முதல் சுற்றில் போனவர் ஓராண்டில் உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு வந்துவிடுவார் என்பதுபோல நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அப்படியெல்லாம் இல்லைங்க. 2023 ஜூலையில் ஏஞ்சல்ஸ் அணி எடுத்த நோலன் ஷானுவெல் ஆகஸ்டிலேயே மேஜர் லீகில் ஆடினார், உண்மைதான், ஆனால் அவர் கல்லூரியில் நன்றாக ஆடித் தேறி வந்தவர், ஏஞ்சல்ஸும் இந்த விஷயத்தில் கொஞ்சம் அவசரக்கார அணி. அதே டிராஃப்டின் முதல் ஆள் பால் ஸ்கீன்ஸையே பைரேட்ஸ் அணி 2024 மே வரை கீழ்மட்ட லீகுகளில்தான் வைத்திருந்தது.

பள்ளி முடித்த 18 வயதுப் பையன் என்றால் அரிசோனாவிலோ ஃப்ளோரிடாவிலோ அணியின் பயிற்சி மைதானத்தில் நடக்கும் ரூக்கி லீக், அப்புறம் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று ஏறி வர வேண்டும், நாலைந்து வருஷம் ஆவது சாதாரணம். இதில் பெரிய வடிகட்டி டபுள் ஏ என்பேன். கீழே வேகப்பந்தை மட்டுமே அடித்துப் பேர் வாங்கியவன் இங்கே வளைவுப் பந்தை நினைத்த இடத்தில் போடும் பிட்சர்களிடம் வசமாக மாட்டுவான். பலர் டிரிபிள் ஏ பக்கமே போகாமல் இங்கிருந்து நேராக மேலே போவதும் உண்டு.

சம்பளத்தைக் கட்டுரை தொடவே இல்லை. ஆட்டக்காரர் சங்கம் மேஜர் லீகோடு போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் டபுள் ஏ குறைந்தபட்சம் ஆண்டுக்கு 30,250 டாலர் ஆனது, அதற்கு முன் அதில் பாதிகூடக் கிடையாது. முதல் சுற்றுக்காரருக்கு ஒப்பந்த போனஸ் லட்சக்கணக்கில் வரும், கவலையில்லை. 15ஆம் சுற்றில் வந்தவன் பாடுதான் திண்டாட்டம்.

பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான மைக் பியாட்சாவே 1988இல் 62ஆம் சுற்றில் போனவர். அவ்வளவு கீழே யாரையும் இப்போது எடுக்க முடியாது, டிராஃப்டே 20 சுற்றுதான்.