வண்டி வாசலில் நிற்கும்போது கேட்கிற கையெழுத்து

கட்டுமானத் தொழிலில் நேர்மை என்று பேச ஆரம்பித்தாலே லஞ்சம், கமிஷன், சிமென்ட் திருட்டு என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் உண்டு. ஆனால் கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கிற தவறு ஒன்று, பணம் எதுவும் கைமாறாமலேயே தினமும் நடக்கிறது: பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடுவது.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலை பத்து மணிக்கு ஸ்லாப் கான்க்ரீட். ரெடிமிக்ஸ் வண்டி வாசலில் டிரம்மைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. பம்ப் ஆள், வைப்ரேட்டர் ஆள், மேஸ்திரி எல்லோரும் தயார். அப்போதுதான் இன்ஜினியரைக் கூப்பிடுகிறார்கள்: "சார், கம்பியை ஒரு பார்வை பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுடுங்க." கலந்த கான்க்ரீட்டை வழக்கமாக ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். அந்த நெருக்கடியில் "நிறுத்து" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பரிசோதனை வெறும் சடங்காவது அங்கேதான்.

அந்த ஒரு பார்வையில் தப்பிவிடுவது என்ன? பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கிற ஸ்லாபில் இழுவிசை மேற்பக்கம் வரும், அதனால் முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். 125 மி.மீ. கனமுள்ள ஸ்லாபில் அந்தக் கம்பியின் மையம் அடியிலிருந்து சுமார் 100 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். தாங்கிப் பிடிக்கிற சேர் கம்பிகளைப் போதுமான அளவு வைக்காமல், அதன் மேலேயே ஆட்கள் நடந்து பைப்பை இழுத்தால் கம்பி 60 மி.மீ.க்கு இறங்கிவிடும். வளைவைத் தாங்கும் வலிமையில் 40 சதவீதத்துக்கும் மேல் அதோடு போயிற்று. கம்பியின் எடை அதேதான், சிமென்ட் அதேதான், பில்லில் ஒரு குறையும் இருக்காது. முட்டுப் பிரிக்கிற அன்றுதான் தெரியும். சில சமயம் பல வருடம் கழித்து, அங்கே பத்துப் பேர் கூடி நிற்கும்போது.

கவர் பிளாக்கும் இப்படித்தான். கம்பிக்கும் கான்க்ரீட்டின் வெளிமுகத்துக்கும் நடுவே இருக்கும் கனம்தான் கவர், அதைக் காக்க கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை கவர் பிளாக். 20 மி.மீ. கவர் வேண்டிய இடத்தில் கையில் கிடைத்த ஜல்லியைச் செருகி 10 மி.மீ. ஆக்கிவிட்டால் பாதிதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்க்ரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை எட்டினால் துரு பிடிக்க வழி பிறக்கும். அது இறங்கும் ஆழம் ஏறக்குறைய காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். கவர் பாதியானால் அது கம்பியை எட்டும் காலம் கால்வாசியாகிவிடும். நாற்பது வருடத்தில் எட்ட வேண்டியது பத்து வருடத்திலேயே எட்டிவிடும்.

அடுத்தது கியூப். 150 மி.மீ. அச்சில் கான்க்ரீட்டை அடுக்கடுக்காக நிரப்பி, இடித்து, தண்ணீரில் ஊறவைத்து, 7 நாளிலும் 28 நாளிலும் உடைத்துப் பார்க்கிற சோதனை. வண்டியிலிருந்து நல்ல கலவையில் கியூப் எடுத்துவிட்டு, பிறகு டிரம்மில் தண்ணீர் ஊற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. 50 கிலோ சிமென்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றிருப்பதை 30 ஆக்கினால் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கும். மாதக்கணக்கில் கியூபின் வலிமை 31.2, 31.4, 31.1 என்று வரிசையாக எண்கள் வந்தால் தயவுசெய்து சந்தேகப்படுங்கள். உண்மையான கான்க்ரீட் அவ்வளவு ஒழுங்காக வராது, ஏற்ற இறக்கம் இருந்தே தீரும்.

வரைபடத்தில் போடுகிற கையெழுத்தும் அதே கையெழுத்துதான். 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி, ஹயாத் ரீஜன்சி ஹோட்டல். முதல் வடிவமைப்பில் ஒரே நீளக் கம்பி மேலிருந்து இறங்கி இரண்டு நடைபாலங்களையும் தாங்கியது. செய்வதற்கு வசதியாக அதை இரண்டு துண்டாக மாற்றினார்கள். கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் விட்டத்தில் தொங்கியது, மேல்பால இணைப்பில் சுமை இரட்டிப்பானது. அந்த வரைபடத்தில் இன்ஜினியரின் முத்திரை இருந்தது, அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. பாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். பொறுப்பான இரண்டு இன்ஜினியர்கள் மிசௌரி மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள்.

இளம் சைட் இன்ஜினியருக்கு "தைரியமாக இரு" என்று அறிவுரை சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சம்பளம் கொடுப்பவரை எதிர்த்து, வண்டி காத்திருக்கும்போது, ஒருவர் தனியாக நின்று என்ன செய்ய முடியும்? வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். கம்பிப் பரிசோதனை முந்தைய நாளே முடிந்து, கையெழுத்தான பிறகுதான் கான்க்ரீட்டுக்கு ஆர்டர் போக வேண்டும். கவர், சேர், முக்கியக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற வளையமான ஸ்டிரப்பின் 135 டிகிரி கொக்கி எல்லாவற்றையும் டேப் வைத்துப் படம் எடுக்க வேண்டும். கான்க்ரீட் ஓடும்போது மேல்கம்பியைக் கண்காணிக்க ஒரு கம்பி கட்டுபவர் கூடவே நிற்க வேண்டும். கியூப் சோதனைக்கான பணத்தை ஒப்பந்ததாரர் கையால் கொடுக்க விடாமல் உரிமையாளரே நேரடியாகக் கொடுக்க வேண்டும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பரிசோதனைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கம்பி பார்த்துக் கையெழுத்தான நேரம் எது, முதல் வண்டி வந்து நின்ற நேரம் எது, எது முதலில் நடந்திருக்கிறது என்று பாருங்கள்.